திருத்திய வில்லிடம் எவ்வளவு கேட்கலாம்?

திருத்துதல் என்ற சொல்லை நாம் எத்தனை காரியங்களுக்குப் பயன்படுத்துகிறோம்! மாணவனின் கொப்பியைத் திருத்துகிறோம். பழுதான சைக்கிளைத் திருத்துகிறோம். ஒழுகும் கூரையைத் திருத்துகிறோம். வழிதவறிய பிள்ளையையும் திருத்த வேண்டும் என்கிறோம். ஆசிரியத் தொழிலில் இருப்பவனுக்கு இச்சொல் அன்றாடம் வாயில் வருவது. ஆதலால் அதற்குள் என்ன இருக்கிறது என்று நின்று பார்க்கும் பழக்கம் நமக்கு ஏற்படுவதில்லை. கொப்பியைத் திருத்தும்போது சரியான விடை முன்கூட்டியே என்னிடம் இருக்கிறது. பிள்ளை எழுதியதை அந்த விடையின் பக்கம் நகர்த்துவதே என் வேலை. ஆனால் பழுதடைந்த ஒரு பொருளைத் திருத்துபவனிடம் அப்படியொரு விடைத்தாள் இருக்கிறதா? அப்பொருளை எந்த நிலைக்கு அவன் கொண்டுபோக வேண்டும்? அது செய்யப்பட்ட நாளில் இருந்த நிலைக்கா? உடைவதற்கு முதல்நாள் இருந்த நிலைக்கா? அல்லது இனி அது தாங்கக்கூடிய ஏதோவொரு நிலைக்கா?

இதைத் தொழில்நுட்ப வினா என்று ஒதுக்கிவிட முடியாது. சேதமடைந்த ஒன்றுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதே இதன் உட்பொருள். இவ்வினாவை ஒரேயொரு பொருளை முன்வைத்துச் சிந்திக்க விரும்புகிறேன். அது கையால் செய்யப்பட்ட, வெளிப்புறத்தில் விலங்கின் தசைநாண் ஒட்டப்பட்ட மரவில். இத்தகைய வில்லை நான் கையில் ஏந்தியவனல்லன், வாசித்தறிந்தவன் மட்டுமே. ஆயினும் இவ்வினாவுக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் வேறில்லை என்று தோன்றுகிறது. கீறல் விட்ட சாடியை ஒட்டித் தட்டில் வைத்துவிட்டால் அது பேசாமல் இருந்துகொள்ளும். வில்லோ வளைக்கப்படுவதற்கென்றே பிறந்தது. ஒவ்வொரு முறை நாண் இழுக்கப்படும்போதும் முறிவின் விளிம்புவரை சென்று திரும்பி வருவதே அதன் தொழில். அதைச் சரியாகத் திருத்தினோமா என்பதை அடுத்த இழுப்பே சொல்லிவிடும்.

முதலில் இந்த வில்லின் அமைப்பைப் பார்ப்போம். வளைந்த வில்லின் வெளிப்புறம், அதாவது இலக்கை நோக்கிய பக்கம், நீட்டிப்புக்கு உள்ளாகிறது. வில்லாளியை நோக்கிய உட்புறம் நெருக்கப்படுகிறது. மரம் நெருக்குதலை ஓரளவு தாங்கும். நீட்டினால் சீக்கிரம் பிளந்துவிடும். தசைநாணோ மரத்தைவிடப் பல மடங்கு நீண்டு கொடுத்து மீளக்கூடியது. ஆகவே மரத்தின் வெளிப்புறத்தில் தசைநாண் இழைகளைப் பசையிட்டு ஒட்டினால், மரத்தால் இயலாததை அது ஏற்றுக்கொள்கிறது. குட்டையான மரத்துண்டை அதன் தனித்தகுதிக்கு மேல் வளைக்க முடிகிறது. ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யா மாட்டை உரித்துப் பங்கிடும்போது, கால் எலும்போடு ஒட்டி வெள்ளையாக, கத்திக்கு மசியாமல் கிடக்குமே, அதுதான் தசைநாண். நரம்பென்று சொல்லி நாம் எறிந்துவிடுவோம். வில்லின் கயிற்றுக்கும் இதற்கும் நாண் என்ற ஒரே பெயரைத் தமிழ் தந்திருப்பது கவனிக்கத்தக்கது.

வட கலிபோர்னியாவின் ஹூப்பா, யூரொக், கருக் மக்கள் இவ்வகை வில்களைச் செய்வதில் பெயர் பெற்றவர்கள். அவர்களது வில் குட்டையானது, அகன்றது, மெல்லியது. யூ மரத்தில் செதுக்கப்பட்டு, தசைநாண் போர்த்தப்பட்டது. நம் வாசகர் நூல்களில் அதிகம் கண்டிருக்கக்கூடிய உதுமானிய வில் இதன் நெருங்கிய உறவு. அதில் மரத்தின் உட்புறத்தில் எருமைக் கொம்பும் வெளிப்புறத்தில் தசைநாணும் ஒட்டப்பட்டிருக்கும். இரண்டிலும் அடிப்படைச் சிந்தனை ஒன்றே: ஒன்றின் பலவீனத்தை இன்னொன்றின் இயல்பு ஏற்றுக்கொள்வது.

காய்ந்த தசைநாணைத் தட்டி, பிரித்து, பஞ்சுபோன்ற இழைகளாக்குவர். தோலையோ தசைநாண் துண்டுகளையோ மீனின் தோலையோ காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையில் அவ்விழைகளை நனைப்பர். செங்கல் கட்டுவதுபோல் ஒன்றின் முனை மற்றொன்றின் நடுவில் வருமாறு, மரத்தின் நீளப்போக்கில் வரிவரியாக அடுக்குவர். பிறகு காத்திருக்க வேண்டும். காயும்போது தசைநாண் சுருங்கி, வில்லையே எதிர்ப்பக்கமாக இழுத்து வளைத்துவிடும். பல கிழமைகள், சிலவேளை பல மாதங்கள் செல்லும். அவசரப்பட்டு நாணேற்றினால் வேலை கெட்டுவிடும்.

இப்படிப்பட்ட வில்லொன்று நூறாண்டு கழித்து ஒருவன் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரத்தினால் பசை இளகித் தசைநாண் ஓரிடத்தில் கிளம்பி நிற்கிறது. இன்னோரிடத்தில் பூச்சி அரித்திருக்கிறது. ஒரு கரம் முறுக்கிக்கொண்டுவிட்டது. உட்புறத்தில் குறுக்காக மயிரிழை போன்ற சில சுருக்கங்கள் தெரிகின்றன. இக்கடைசிப் பழுதே மிகவும் அஞ்சத்தக்கது. பார்வைக்கு மிகச் சிறியதாயினும், மரத்தின் நார்கள் நெருக்குதலில் உள்ளே நொறுங்கிவிட்டன என்பதற்கு அது அடையாளம். கிளம்பிய தசைநாணை மீண்டும் ஒட்டலாம். அரித்த இடத்தில் புது இழை வைக்கலாம். முறுக்கிய கரத்தை மெல்லச் சூடுகாட்டி நேராக்கலாம். நொறுங்கிய நாரை முன்போல் ஆக்க வழியில்லை. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் காயம் ஆறக்கூடியதாகவும், தெரியாத காயம் ஆறாததாகவும் இருப்பதை வில்லில் மட்டுமா காண்கிறோம்?

இனி அவன் என்ன செய்ய வேண்டும்? இவ்விடத்தில் இரு சாரார் எதிரெதிரே நிற்கின்றனர்.

நூதனசாலைப் பாதுகாப்பாளர் சொல்வார்: வில்லை மேலும் கெடாமல் நிறுத்து. தூசியை அகற்று. கிளம்பியதைப் படியவை. நாணேற்றாதே. இது ஒரு சான்று. இதைச் செய்தவனின் கத்தித் தடம் இதில் இருக்கிறது. நீ ஒட்டும் ஒவ்வொரு புது இழையும் அந்தத் தடத்தை மறைக்கும்.

வில் செய்பவர் சொல்வார்: வளையாத வில் வில்லே அல்ல, அது வில்லின் வடிவிலான கட்டை. செய்தவன் இதைச் சுவரில் தொங்கவிடச் செய்யவில்லை. அவனுக்கு நீ மரியாதை செய்ய நினைத்தால் இதை மீண்டும் அம்பெய்ய வை.

இருவரும் உண்மையே பேசுகின்றனர். தன் இனத்தில் எஞ்சிய கடைசி வில்லாக அது இருந்து, அதைப்போல் இன்னொன்று செய்யும் அறிவும் மறைந்திருந்தால், பாதுகாப்பாளர் சொல்வதே சரி. கடைசிச் சாட்சியைப் பந்தயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை. அப்போது பழையதை ஓய்வாக இருக்கவிட்டு, அதன் அளவில் புதியதொன்றைச் செய்து வளைத்துப் பார்ப்பதே நேர்மை. 1545 இல் கடலில் மூழ்கி 1982 இல் வெளிக்கொணரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கும் மேற்பட்ட வில்கள் கிடைத்தன. அவற்றின் வலுவை அறிய அளவெடுத்துப் புதிய வில்கள் செய்யப்பட்டன.

ஆனால் பாதுகாத்தலும் குற்றமற்றதென்று எண்ணிவிடக் கூடாது. பூச்சியிடமிருந்து காப்பதற்காக, தோலும் இறகும் தசைநாணும் கொண்ட பொருட்களுக்கு ஆர்சனிக், பாதரசம் போன்ற நஞ்சுகளைப் பூசும் வழக்கம் மேற்குலக நூதனசாலைகளில் நெடுங்காலம் இருந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1990 இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி பூர்வகுடிகளின் புனிதப் பொருட்கள் அவர்களிடம் திரும்பத் தொடங்கியபோது இந்த உண்மை வெளிப்பட்டது. ஹூப்பா மக்கள் தாம் பெற்ற சடங்குப் பொருட்களைப் பரிசோதிக்கச் செய்தபோது அவற்றில் நஞ்சு இருப்பது தெரியவந்தது. உடுத்தி ஆடவேண்டிய பொருளைத் தொடவும் அஞ்சும் நிலை. அழியாமல் காத்தார்கள், உரியவர் பயன்படுத்த முடியாதபடி காத்தார்கள். இவை ஒருநாள் மீண்டும் மனிதர் கைக்குப் போகும் என்ற எண்ணமே நஞ்சு பூசியவர்களுக்கு எழவில்லை. அவர்களது கணக்கில் அம்மக்கள் முடிந்துபோனவர்கள்.

ஆகவே திருத்துபவன் முதலில் கேட்கவேண்டியது, இந்தப் பொருளுக்கு இனி ஒரு நாளை உண்டா, அந்த நாளை யாருடையது என்பதாகும். வளைப்பதற்கு உயிருள்ள கைகள் இருக்குமாயின், வளைக்கத்தக்கதாக ஆக்குவதே கடமை என்பது என் கருத்து. அக்கடமையைச் செய்யும் முறை பற்றி வில்லே மூன்று செய்திகள் சொல்கிறது.

முதலாவது பசை பற்றியது. இன்று கடையில் எபொக்சிப் பசை கிடைக்கிறது. ஒட்டினால் ஒட்டியதுதான், நீர்பட்டாலும் விடாது. வச்சிரப் பசையோ வெதுவெதுப்பும் ஈரமும் பட்டால் இளகிவிடும். இதைக் குறை என்பர் சிலர். மழையில் நனைந்த வில் தளர்ந்துபோவதால் போர்வீரனுக்கு அது குறைதான். ஆனால் திருத்துபவனுக்கு அது பெரும் வரம். நூறாண்டுக்கு முன் ஒட்டியதை மரத்துக்குச் சேதமின்றி அவன் இன்று பிரித்தெடுக்க முடிவது, அன்று ஒட்டியவன் வச்சிரத்தைப் பயன்படுத்தியதனால்தான். இவன் எபொக்சியால் ஒட்டினால், நாளை வருபவன் அதைப் பிரிக்கும்போது மரமும் சேர்ந்து பெயர்ந்து வரும். மீளப் பிரிக்கத்தக்கதாக ஒட்டுவதென்பது, எனக்குப் பின் என்னைவிட நன்றாக அறிந்தவன் வரக்கூடும் என்று ஒப்புக்கொள்வது. தன் தீர்ப்பே இறுதியானது என்று நினைப்பவன் பொருளையும் திருத்தக் கூடாது. பிள்ளைகளையும் திருத்தக் கூடாது.

இரண்டாவது சமன் பற்றியது. வில்லின் இரு கரங்களும் ஒத்து வளைய வேண்டும். ஒன்று விறைத்தும் மற்றொன்று தளர்ந்தும் இருந்தால், பாரம் முழுவதும் தளர்ந்த கரத்தின்மேல் விழும், அது முறியும். இப்போது தளர்ந்ததை வலுப்படுத்த வேண்டும் என்பதே எவருக்கும் முதலில் தோன்றும். மேலும் மேலும் தசைநாண் அடுக்கலாம்தான். ஆனால் கரத்தின் பாரம் கூடும், வில் மந்தமாகும். வில் செய்பவர்கள் பெரும்பாலும் மாறாகவே செய்கிறார்கள். விறைத்த கரத்தின் மரத்தைச் சிறிது சிறிதாகச் சீவுகிறார்கள். சீவுளியும் அரமும் குறைக்க மட்டுமே அறிந்தவை. பலவீனத்தில் மரத்தைக் கூட்ட அவற்றால் முடியாது. எனவே வலுவுள்ளது தன் விறைப்பில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால்தான் வலுவிழந்தது பிழைக்கும். நலிந்தவனை முன்னேற்ற வேண்டும் என்று மேடையில் பேசுகிறோம். அவனது நலிவைத் தாங்கும்படி மற்றக் கரம் தன்னைச் சீவிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை யார் சொல்கிறார்கள்? சீவுவதற்கும் ஓர் எல்லை உண்டு. பழைய வில்லில் அந்த மரம் செய்தவனின் கைவேலை. ஆகவே ஒவ்வொரு முறையும் மிகக் கொஞ்சமே எடுக்கிறார்கள். வளைத்துப் பார்த்த பின்பே அடுத்த சீவலுக்குக் கைவைக்கிறார்கள்.

மூன்றாவதே இக்கட்டுரையின் தலைப்பு. எவ்வளவு திறமையாகத் திருத்தினாலும் அடிபட்ட வில் பழைய வலுவுக்கு வருவது அரிது. முன்பு 50 இறாத்தல் இழுவிசை கொண்டிருந்த வில்லை 35 இறாத்தலில் நிறுத்திவிட வேண்டிவரலாம். முழு நீளம் இழுத்த இடத்தில் இரண்டு அங்குலம் குறைத்து இழுக்க வேண்டிவரலாம். இதைத் தோல்வி என்று கருதும் திருத்துநர், பழைய அளவை எட்டியே தீருவேன் என்று இழுத்து, திருத்திய வில்லை இரண்டாம் முறை முறித்துவிடுகிறார். அப்போது முறிந்த பழியை வில்லின்மேல் போடுவது எளிது. உண்மையில் முறித்தது அவரது கேள்வி. தாங்க முடியாததைக் கேட்டார்.

இதற்கு எதிரான தவறும் உண்டு. ஐயோ, அடிபட்டதாயிற்றே என்று வளைக்காமலே வைத்துவிடுவது. இது கருணைபோல் தோன்றும். ஆனால் அந்த வில்லால் எதுவும் ஆகாது என்ற தீர்ப்பு அதற்குள் ஒளிந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 கடற்பேரலைக்குப் பின் பாடசாலைகள் திறந்தபோது நான் தொழிலுக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. வீட்டில் ஒருவரையோ பலரையோ இழந்த பிள்ளைகள் வகுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். பரீட்சை நெருங்குகிறது, பழையபடி படி என்று விரட்டியவர்கள் இருந்தார்கள். அந்தப் பிள்ளையிடம் எதையுமே கேட்காதீர்கள் என்று ஒதுக்கி வைத்தவர்களும் இருந்தார்கள். முதலாவது வகையினர் கொடியவர் என்றும் இரண்டாவது வகையினர் நல்லவர் என்றும் அன்று பேசப்பட்டது. ஆனால் பெயர் சொல்லி அழைக்கப்படாமல், கேள்வி கேட்கப்படாமல், கரும்பலகைக்கு வரச் சொல்லப்படாமல் ஒரு தவணை முழுவதும் உட்கார்ந்திருந்த பிள்ளையின் முகத்தையும் நான் பார்த்திருக்கிறேன். கேட்காமல் விடுவதும் ஒருவகைப் புறக்கணிப்புத்தான். இரண்டு வரி வாசி, இந்தக் கணக்கை மட்டும் செய் என்று அளந்து கேட்ட ஆசிரியரே அந்தப் பிள்ளைகளுக்கு உதவினார்.

அளந்து கேட்பதற்கு வில்லை அறிய வேண்டும். வில் செய்பவர் திருத்திய வில்லை உடனே முழுதாக இழுப்பதில்லை. முதல்நாள் ஒரு சாண். அப்படியே சிலமுறை வளைத்து விடுகிறார். காது கொடுத்துக் கேட்கிறார். எங்காவது மெல்லிய வெடிப்பொலி எழுகிறதா? இல்லையெனில் மறுநாள் இன்னுமோர் அங்குலம். எவ்வளவு கேட்கலாம் என்பதற்கான விடையை வில்தான் சொல்லும். ஆனால் கேட்கத் தொடங்கினால் மட்டுமே சொல்லும்.

இவ்விடத்தில் இஷி என்ற மனிதனைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. கலிபோர்னியாவின் யாஹி மக்கள் 1860களில் வெள்ளைக் குடியேறிகளால் வேட்டையாடி அழிக்கப்பட்டனர். எஞ்சிய ஒருசிலர் பல பத்தாண்டுகள் மலைப்பகுதியில் மறைந்து வாழ்ந்தனர். அவர்களிலும் கடைசியாக எஞ்சிய ஒருவர் 1911 ஆகஸ்டில் ஓரோவில் என்ற ஊரில் ஒரு மாடறுக்கும் தொட்டியருகே பசியால் நலிந்த நிலையில் காணப்பட்டார். தம் பெயரை அவர் சொல்லவேயில்லை. இஷி என்பது அவரது மொழியில் மனிதன் என்று பொருள்படும் சொல். மானிடவியலாளர் அல்பிரட் குரோபர் அதையே அவருக்குப் பெயராக்கினார். சன்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக நூதனசாலையிலேயே தங்கி, பார்வையாளர் முன்னிலையில் வில்லும் அம்பும் செய்துகாட்டினார். அவரிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சக்ஸ்டன் போப், தசைநாணை வாயில் மென்று இளக்கி, சல்மன் மீன் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் வில்லின் முதுகில் ஒட்டும் முறையை எழுதிவைத்தார். இஷி வில்லை ஒருபோதும் நிற்கவைத்து விடமாட்டாராம். நின்றால் அது வேலை செய்துகொண்டே இருக்கும், வியர்த்துக் களைக்கும் என்பது அவரது எண்ணம். படுக்கவைத்தால்தான் அதற்கு ஓய்வு. நம்மில் எத்தனை பேர் நம்மிடம் வேலை செய்யும் மனிதரைப் பற்றி இவ்வளவு யோசித்திருக்கிறோம்?

இஷி 1916 மார்ச் 25 இல் காசநோயால் இறந்தார். அவரது மூளை பிரித்தெடுக்கப்பட்டு ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது. 2000 ஆம் ஆண்டிலேயே அது அவரது உறவினமான பூர்வகுடி மக்களிடம் ஒப்படைக்கப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது. அவர் செய்த வில்களைப் பேணிக் காத்த அதே உலகம்தான் அவரது மக்களை அழித்தது. வில் பழுதானால் வச்சிரமும் பொறுமையும் இருந்தால் போதும். ஒரு மக்கள்கூட்டம் அழிந்தால் எதைக் காய்ச்சி ஒட்டுவது? 2000 இல் நடந்ததைத் திருத்தம் என்று சொல்ல என் மனம் இடம்தரவில்லை. கடன் இருந்தது என்பதை ஏற்றுக்கொண்டார்கள், அவ்வளவே. திருத்தத்துக்கு அப்பாற்பட்டவை உண்டு என்பதை அறியாதவனிடம் திருத்தும் கருவியைக் கொடுப்பது ஆபத்தானது. எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையில்தான் பல சேதங்கள் தொடங்குகின்றன.

பொருள் எஞ்சுவதைவிடச் செய்முறை எஞ்சுவது அரிது என்பதற்கு உதுமானிய வில்லும் சான்று. இஸ்தான்பூலில் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் காலத்தில் வில்லாளருக்கென ஒதுக்கப்பட்ட ஒக்மெய்தானி திடல் பல நூற்றாண்டுகள் புகழோடு விளங்கியது. துப்பாக்கி வந்தபின் வில் செய்யும் கைகள் குறைந்துகொண்டே போயின. 1883 முதல் 1976 வரை வாழ்ந்த எழுத்தணிக் கலைஞர் நஜ்முத்தீன் ஒக்யாய் வில்லாளராகவும் இருந்தார். துருக்கியில் 1934 இல் குடும்பப் பெயர்ச் சட்டம் வந்தபின் அவருக்கு வழங்கிய ஒக்யாய் என்ற பெயரின் பொருளே அம்பும் வில்லும் என்பதாகும். அத்தகைய ஒருசில மனிதரும் முன்னோர் எழுதிவைத்த நூல்களும் இருந்தமையால் அறுந்த இழை மீண்டும் பிடிக்கப்பட்டது. துருக்கியின் மரபு வில்வித்தையை 2019 இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது.

எனவே என் முடிவு இது. சேதமடைந்த ஒன்றைத் திருத்துபவன் அதன் பழைய பெருமைக்குக் கடன்பட்டவனல்லன். அதற்கு எஞ்சியிருக்கும் வாழ்வுக்கே கடன்பட்டவன். பிரிக்கத்தக்க பசையால் ஒட்ட வேண்டும். வலுவுள்ள பக்கத்திலிருந்து கொஞ்சம் எடுக்கத் தயங்கக் கூடாது. பின்னர் அளந்து கேட்க வேண்டும். கேட்காமலும் இருந்துவிடக் கூடாது.

இன்னுமொன்று. வில்லைத் திருத்தியவர் எந்தப் பசையைப் பயன்படுத்தினார், எந்த இடத்தில் புது இழை வைத்தார், எத்தனை அங்குலத்துக்கு மேல் இழுக்கக் கூடாது என்பவற்றை ஒரு துண்டில் எழுதி வில்லோடு வைத்துவிட வேண்டும். காயத்தை மறைத்துப் புதிதுபோல் மெருகிட்டு விற்பவன், அடுத்து வாங்குபவனின் கையில் அது வெடிப்பதற்கு வழிசெய்கிறான். திருத்தியவனின் பெயர் அந்தத் துண்டில் இல்லாவிட்டாலும் பாதகமில்லை. அளவு இருக்க வேண்டும்.